குட்டியோடு சந்தைக்கு வரும் குதிரை

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் திருவிழா நடக்கும். கூடவே கூடும் கால்நடைச் சந்தையில், குதிரை கட்டும் பகுதியில்தான் கூட்டம் நெரியும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை, மேளத்துக்குக் கால் போட்டு ஆடும் நாட்டியக் குதிரை என்று வரிசை நீளும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் பால்குடிக் குட்டியோடு ஒரு பெட்டை நின்றால் போதும், அதைச் சுற்றி ஆள் கூடிவிடும். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள், பெரியவர்கள் விலை கேட்பார்கள், கைப்பேசிகள் உயரும்.

கொண்டுவருகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பெட்டை மட்டும் தனியாக நின்றால் அது சினை பிடிக்கும், நல்லபடி ஈனும் என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. குட்டி பக்கத்தில் நின்றால் கேள்விக்கே இடமில்லை. பதினொரு மாதம் சுமந்து ஈன்றிருக்கிறது, பால் இருக்கிறது, குட்டியை உதைக்காமல் மடி கொடுக்கிறது. தலைச்சன் ஈற்றில் சில பெட்டைகள் குட்டியை அண்டவிடாது என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கடைசி விஷயத்துக்கு மதிப்பு அதிகம். எந்தப் பொலிகுதிரையோடு சேர்த்தார்கள், அது என்ன தந்திருக்கிறது என்பதும் குட்டியின் கால் எலும்பிலும் கழுத்திலும் தெரியும். மார்வாரியின் உள்நோக்கி வளைந்த காது குட்டியிலேயே அடையாளம் காட்டிவிடும்.

இதைவிடப் பெரிய நியாயம் ஒன்றும் உண்டு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 3.4 லட்சம். 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்தவை ஏழே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டன. ஒற்றைப் பெட்டையை வைத்துக்கொண்டு குட்டி எடுக்கும் கிராமத்துக்காரருக்கு, வாங்குபவரையும் நல்ல பொலிகுதிரையையும் ஒரே இடத்தில் காட்டுவது சந்தைதான். அது இல்லையென்றால் அவர் வளர்ப்பதையே விட்டுவிடுவார். ஆகவே குட்டியோடு வருவதை அடியோடு தடுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குட்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் ஓட்டி வருவதோ அதைவிடக் கொடுமை. தாய்க்கு மடி கட்டிக்கொள்ளும், குட்டி பசியில் கத்திக்கொண்டு கிடக்கும்.

என் குறையெல்லாம் குட்டியின் வயதைப் பற்றியும், அது சந்தையில் நிற்கும் நாட்களைப் பற்றியும்தான்.

குதிரைக்குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே கிடைப்பது குதிரைக்கு நஞ்சுக்கொடி வழியாக வராது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அந்தக் கடன் வாங்கிய காப்பு இரண்டு மூன்று மாதத்தில் கரைகிறது. குட்டியின் சொந்தக் காப்போ மெல்லத்தான் எழும்புகிறது. இடையில் விழும் பள்ளத்தில்தான் பல குட்டிகள் நிமோனியாவில் சாகின்றன. ரோடோகாக்கஸ் என்ற கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது, புழுதியோடு மூக்கில் ஏறுவது. ஆயிரக்கணக்கான குளம்புகளும் செருப்புகளும் கிளப்பும் சந்தைப் புழுதிக்குள் இரண்டு மாதக் குட்டியை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டி அடுத்த ஆபத்து. தாடைக்கடியில் நெறிகட்டிச் சீழ்வைக்கும் ஸ்டிராங்கிள்ஸ் நோய், ஒரே வாளியில் பல குதிரைகள் வாய்வைத்தால் பரவிவிடும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் குதிரையும் அதைச் சுமந்து வரலாம். கிளாண்டர்ஸ் இன்னும் கொடியது. மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது, உறுதியானால் குதிரையைக் கொல்வதுதான் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் காட்டும் வழி.

பசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்னக் குட்டி ஒரு மணி நேரத்தில் பல தடவை மடிக்குப் போகும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், பிறகு தரையில் நீட்டிப் படுத்து உறங்கும். சந்தையில் தாயின் காலை முளையடித்துக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் மேளம் முழங்கும். குட்டி படுத்தால் விலை பேச வந்தவர் எழுப்பி நிறுத்தச் சொல்வார். தாய் மிரண்டு நின்றால் மடி கொடுக்காது.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குதிரை வாங்குபவர் முதலில் பார்ப்பது சுழி. குட்டியின் நெற்றி மயிரை விலக்கி, சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நிதானமாகப் பார்ப்பார்கள். அதே நெற்றியில் சில நேரம் வெள்ளையாகப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். சுழி பார்ப்பவர் கண்ணுக்கு அது அழுக்கு. கால்நடை மருத்துவருக்கு அது அவசரச் செய்தி: குட்டி மடிக்குக் கீழே போய் நிற்கிறது, சுரந்த பால் முகத்தில் பீச்சுகிறது, குடிக்கத் தெம்பில்லை. தாயின் மடியைத் தொட்டால் கல்லாக இருக்கும். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே இந்த அறிகுறி தெரிந்துவிடும். நெற்றியை அவ்வளவு கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு இதையும் கற்றுக்கொடுத்தால் எத்தனையோ குட்டிகள் பிழைக்கும். சுழிக்கும் குதிரையின் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், பாலையும் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில், ஈன்று 72 மணி நேரம் ஆகாத விலங்கையும் புதிதாகப் பிறந்த குட்டியையும் ஏற்றக்கூடாது, மிகச் சின்னக் குட்டிகளை மற்ற விலங்குகளோடு கலக்கக்கூடாது, மருத்துவர் பார்த்துத் தகுதி சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. மூன்று நாள் கடந்துவிட்டால் தாயைத் தடுக்க நாள் கணக்கு ஒன்றும் இல்லை. சீம்பால் தந்த காப்பு கரையும் மாதங்கள் விதியின் கண்ணில் படவே இல்லை.

அயர்லாந்தின் டப்ளின் குதிரைக் கண்காட்சியிலும் தாயும் குட்டியும் சேர்ந்து நிற்கும் போட்டி உண்டு. அது ஆகஸ்டில் நடக்கிறது. அங்கே குதிரைகள் பெரும்பாலும் வசந்தத்தில் ஈனும். வரும் குட்டிகளுக்குச் சில மாதங்களாவது ஆகியிருக்கும். பருவமே வயதை ஓரளவு பார்த்துக்கொள்கிறது. தென்னாட்டில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, ஈனும் பருவமும் அவ்வளவு கறாராக இல்லை. ஆடிச் சந்தைக்கு ஆறு மாதக் குட்டியும் வரலாம், இருபது நாள் குட்டியும் வரலாம். இயற்கை போடாத வரம்பை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

விற்ற பிறகும் குட்டியின் பாடு முடிவதில்லை. தெற்கே திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு போன்ற ஒரு மலைத்தோட்டத்துக்கு யாராவது தாயையும் குட்டியையும் வாங்கிப் போவதாக வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் நிற்க வேண்டும். விதுரை தாண்டிக் காட்டுக்குள் ஏறும் சாலையில் வண்டி குலுங்கும்போது, நிற்கப் பழகாத குட்டி தாயின் காலடியில் விழும். ஆடியில் அந்த மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். புழுதியிலிருந்து ஈரத்துக்கு, சந்தை இரைச்சலில் களைத்த உடம்போடு போய் இறங்கும் குட்டிக்கு இருமல் வந்தால் மருத்துவருக்கு மலையிறங்க வேண்டும்.

ஆகவே நான்கு மாதம் நிரம்பாத குட்டியும் அதன் தாயும் வீட்டிலேயே இருக்கட்டும். வாங்க விரும்புபவர் லாயத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சந்தையில் தாயின் படத்தையும் குட்டி பால் குடிக்கும் காணொளியையும் காட்டி முன்பணம் வாங்குவதில் எந்த இழப்பும் இல்லை. அதற்கு மேற்பட்ட குட்டிகள் ஒரே ஒரு நாள் வரட்டும், காலையில் வந்து மாலையில் திரும்பட்டும். மேளத்துக்கு எட்டாத ஓரத்தில், நிழலும் வைக்கோலும் போட்ட தனி இடமும், ஒவ்வொரு தாய்க்கும் தனி வாளியும் வேண்டும். கிளாண்டர்ஸ் இல்லை என்ற சான்றை நுழைவாயிலிலேயே கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் கூடவே ஒரு கொட்டகையும் போட்டுவிடலாம். முதல் ஆண்டு முணுமுணுக்கும் வியாபாரிகள், தூங்கி எழுந்து துள்ளும் குட்டிக்குக் கூடுதல் விலை கிடைப்பதைப் பார்த்த பிறகு தாங்களாகவே அந்த ஓரத்தைக் கேட்டு வருவார்கள் என்று நம்புகிறேன்.