புனே ஜாமீன்: தப்பு எந்த வரியில்?

"ரெண்டு உயிருக்கு 300 வார்த்தைக் கட்டுரையா?" 2024 மே மாதம் நாடு முழுக்க இதே கேள்விதான். மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் ஒரு பைக்கை அடித்துத் தூக்கியது. இறந்த இருவருக்கும் வயது 24. மத்தியப் பிரதேசத்துக்காரர்கள், என்னைப் போலவே ஐடி வேலை. அன்றைக்கே பையனுக்கு ஜாமீன். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது, டிராஃபிக் போலீஸோடு 15 நாள் வேலை செய் என்று நிபந்தனை.

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அது போய் விழுந்த இடம் தப்பு என்பது என் கட்சி.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 12. சின்னப் பிரிவுதான், ஒருமுறை படித்துப் பாருங்கள். குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, சிறாரை விட வேண்டும். அதுதான் டீஃபால்ட். மறுக்க மூன்றே காரணம்: தெரிந்த குற்றவாளிகளோடு போய்ச் சேருவான், அவனுடைய உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து வரும், விட்டால் நீதியின் நோக்கமே தோற்றுப்போகும். குற்றம் எவ்வளவு கொடூரம் என்பது இந்த லிஸ்ட்டிலேயே இல்லை. (மூன்றாவது காரணம் கொஞ்சம் கொழகொழ. கொடூரத்தைப் பின்கதவு வழியாக அதற்குள் நுழைக்கிற தீர்ப்புகளும் உண்டு.) கொடூரத்தை எடைபோட வேறு இடம் இருக்கிறது, பிரிவு 15. பதினாறு தாண்டியவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று பார்ப்பது அங்கேதான். புனே போலீஸ் அதையும் கேட்டது; 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் மறுத்துவிட்டது.

அப்போ ஜாமீன் உத்தரவில் தப்பே இல்லையா? இருக்கிறது. அந்தக் கட்டுரைதான், ஆனால் எல்லோரும் சொன்ன காரணத்துக்காக அல்ல. கவுன்சலிங், சமூக சேவை மாதிரியான உத்தரவுகள் பிரிவு 18இல் வருகின்றன. விசாரணை முடிந்து, குற்றம் செய்தான் என்று தெரிந்த பிறகு போட வேண்டியவை. அதே ஜாதி நிபந்தனைகளை முதல் நாளே ஜாமீனில் ஒட்டிவிட்டார்கள். பார்க்கிறவன் அதைத் தீர்ப்பு என்றுதான் படிப்பான். படித்தான். ஜாமீனுக்கு உண்மையில் தேவையான கேள்வி வேறு: இந்தக் குடும்பம் வெளியே இருந்தால் சாட்சியம் பத்திரமாக இருக்குமா? அன்று எடுத்த ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, பின்னால் போலீஸ் டாக்டர்களைக் கைது செய்தது. 'நீதியின் நோக்கம்' என்ற வரி இதுக்குத்தானே இருக்கு!

அடுத்து நடந்தது இன்னும் மோசம். சத்தம் கூடியதும், மே 22இல் அதே வாரியம் பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜாமீனை ரத்து செய்தார்களா? இல்லை. ஜாமீனும் உயிரோடு இருக்கு, ஆளும் உள்ளே. ஒரே ஆளுக்கு ரெண்டு ஸ்டேட். ஒரு மாதத்துக்கும் மேல் இப்படியே ஓடி, ஜூன் 25இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி வெளியே விட்டது. அதற்கும் நீதிபதிகளைத்தான் திட்டினோம்.

'பணக்காரப் பையன், அதான்' என்பதில் பாதி உண்மை. பிரிவு 12 அவனுக்காக வளைக்கப்படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையே வக்கீல் வந்தார், பொறுப்பேற்கத் தாத்தா இருந்தார். செல்போன் பறித்ததாகப் பிடிபடுகிற பையனுக்கு இந்த ரெண்டும் கிடைக்கிறது கஷ்டம். ஜாமீன் கிடைத்தாலும் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. 12(4) சொல்வது: ஏழு நாளுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாத சிறாரைத் திரும்ப வாரியத்தின் முன் நிறுத்தி, நிபந்தனையை மாற்ற வேண்டும். 300 வார்த்தையைப் பற்றி அத்தனை விவாதம் நடத்திய டிவிகளில் ஒன்றுகூட இந்த உட்பிரிவைப் பேசி நான் பார்க்கவில்லை.