மெதோன்: ஒரு புகைப்படம்

பாரிசுக்குத் தென்மேற்கே, அதை ஒட்டினாற்போல் இருக்கிற சிற்றூர் மெதோன். சிற்பி ரொதேன் அங்கே வாழ்ந்தார். 1905-06ல் ரில்கே அவரிடம் காரியதரிசியாக இருந்ததும் அங்கேதான். எனக்கோ மெதோன் என்றால் ஆந்த்ரே கெர்தேஸ் 1928ல் எடுத்த புகைப்படம்.

ஒரு சாதாரணத் தெரு. கோடியில் உயரமான வளைவுப் பாலம்; மேலே புகைவிட்டபடி ரயில். முன்னால், தொப்பியணிந்த ஒருவர், காகிதத்தில் சுற்றிய தட்டையான ஏதோவொன்றுடன் நடந்து வருகிறார். அவ்வளவுதான்.

ரயிலை நவீன யுகமென்றும் பொட்டலத்தை ரகசியமென்றும் நண்பர்களிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன். இப்போது வெட்கமாயிருக்கிறது. அந்த மனிதருக்கு ரயில் ஒரு பொருட்டேயில்லை; ரயிலுக்கு அவரும் அப்படியே. இரண்டையும் இணைப்பவை அந்தக் கணமும் சட்டமும் மட்டுமே. இணைத்தபின் கெர்தேஸ் வாய் திறப்பதில்லை. இதை வெறும் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. இந்த மனிதர் இல்லாமல் அதே தெருவை அவர் எடுத்ததும் உண்டு. திரும்பி வந்து நின்றவனுக்குக் கிடைத்த தற்செயல் இது.

இரண்டு படிமங்களை அருகருகே வைக்க நாம் தெரிந்துகொண்டுவிட்டோம். கடைசி வரியில் அவற்றுக்குக் கல்யாணம் செய்துவைக்காமல் இருக்கத்தான் தெரியவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வாசகன்மேல் உள்ள அவநம்பிக்கைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். இல்லை, நாம் பார்த்ததன் மேலேயே நமக்கு நம்பிக்கை போதவில்லை.

பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் படத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.