பாம்பன் நீரோட்டமும் 12,455 மெகாவாட் என்ற எண்ணும்

இந்தியக் கடலோர ஆற்றலைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் மூன்றாவது பத்தியில் ஒரு எண் வந்துவிடும்: 12,455 மெகாவாட். ஓத ஆற்றலில், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தில் இருந்து, நாடு முழுவதும் எடுக்கக்கூடிய மின்சாரம் இவ்வளவு என்பார்கள். 2014-இல் சென்னை ஐ.ஐ.டி.யும் கிரிசில் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில் இருந்து வந்த எண் இது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லும் பதிலிலும் இதேதான்.

கீழக்கரைக்காரனான எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. வாய்ப்புள்ள இடங்கள் என்று குறிப்பிடப்படுபவற்றில் காம்பத், கட்ச், சுந்தரவனம் இவற்றோடு "பாக் விரிகுடா - மன்னார் கால்வாய்" என்ற பெயரும் இருக்கிறது. அது நம்ம வீட்டு வாசல். அந்தப் பெயரை அந்தப் பட்டியலில் போடலாமா, போட்டால் எந்தக் கணக்கில் என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

ஆய்வைக் குறைசொல்வதற்கு முன் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது முதற்கட்ட வரைபடம். எங்கே மேற்கொண்டு பார்க்கலாம் என்று சொல்வதுதான் அதன் வேலை. சிக்கல் அதற்குப் பிறகு நடந்தது. "கோட்பாட்டளவில்" என்ற சொல் வழியில் உதிர்ந்து போய், எண் மட்டும் தனியாக ஊர் சுற்றுகிறது.

முதல் குறை: இரண்டு வேறு சரக்கு, ஒரே தராசு

ஓதத்தில் இருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழி. ஒன்று, அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி இறக்குவது. இதில் கிடைக்கும் ஆற்றல் ஏற்ற இறக்க உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காம்பத் வளைகுடாவில் சராசரி உயரம் 6.77 மீட்டர், கட்சில் 5.23 மீட்டர். நம்ம பக்கம் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட ஒரு மீட்டர் தேறாது. ஒரு மீட்டர் என்றே வைத்தாலும், அதே பரப்பளவுக்குக் காம்பத்தில் கிடைப்பதில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு.

இரண்டாவது வழி, ஓடும் நீரில் காற்றாலை மாதிரி சுழலியை இறக்குவது. இதில் வேகம்தான் எல்லாம். ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் ஜலசந்தியில் மேஜென் திட்டம் 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கை வைத்து ஓட்டுகிறது. அதன் இறக்கை வட்டத்தின் விட்டம் 18 மீட்டர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதிக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. தென்கொரியாவின் உல்டோல்மோக்கில் நீர் நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் பாய்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் இடத்தோடு ஒப்பிட்டால், ஒரே அளவு சுழலிக்கு 125 மடங்கு வித்தியாசம்.

இந்த இரண்டு வழிகளையும் கலந்து ஒரே கூட்டுத்தொகையாகச் சொன்னால், அதை வைத்து எந்த ஊருக்கும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

இரண்டாவது குறை: ஓடும் நீர் அப்படியே ஓடும் என்ற நினைப்பு

இதுதான் அடிப்படையான குறை. பல கட்டுரைகளில் கணக்கு இப்படிப் போகும்: கால்வாயின் குறுக்குவெட்டுப் பரப்பை எடு, வேகத்தின் மும்மடியால் பெருக்கு, அதில் பெட்ஸ் வரம்பான 59 சதவீதத்தை எடு, முடிந்தது. திறந்தவெளிக் காற்றுக்கு இது சரி. காற்றாலை தடுத்தால் காற்று சுற்றிக்கொண்டு போகும், மேலே போகும். கால்வாய் என்பது இரண்டு கரைக்கு நடுவே அடைபட்ட குழாய். சுழலி வைத்தால் அந்தக் குழாயில் ஓடும் நீரே குறையும். ஓட்டத்தை மாற்றிவிட்டு, பழைய ஓட்டத்தின் கணக்கில் ஆற்றல் சொல்ல முடியாது.

2005-இல் கிரிஸ் காரெட், பாட்ரிக் கம்மின்ஸ் என்ற இரண்டு கனடிய ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். பி.இ. படித்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இது உச்ச ஆற்றல் மாற்றத் தேற்றத்தின் கடல் வடிவம். பேட்டரிக்கு உள்மின்தடை இருக்கிற மாதிரி கால்வாய்க்குத் தரை உராய்வு. சுமை அதிகமானால் மின்னோட்டம் குறையும். சுமை கூடக்கூட ஆற்றல் ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கும்.

பேட்டரியில் உச்சம் வரும்போது மின்னோட்டம் பாதியாகும். கடலில் உராய்வு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இருப்பதால் விடை சற்று மாறுகிறது: உச்சத்தில் நீரோட்டம் இயற்கையான அளவில் 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரு முனைக்கும் இடையே உள்ள நீர்மட்ட வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சுழலிகள் எடுத்துக்கொள்ளும். ஓதச் சுழற்சி முழுவதற்கும் சராசரி பார்த்தால் கிடைக்கும் சூத்திரம் எளிமையானது: சுமார் 0.22, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், நீர்மட்ட வித்தியாசத்தின் உச்சம், இயற்கையான நீரோட்ட அளவின் உச்சம், இந்த ஐந்தின் பெருக்கல். இதில் வேகத்தின் மும்மடி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்ப பாம்பனுக்கு வருவோம்

கீழே வருபவை அளந்த எண்கள் இல்லை. அளவு எந்த வரிசையில் இருக்கும் என்று பார்க்க வைத்துக்கொண்டவை. அகலம் 2,000 மீட்டர் (பாம்பன் ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்), சராசரி ஆழம் 3 மீட்டர், உச்ச வேகம் நொடிக்கு 1 மீட்டர், இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 20 சென்டிமீட்டர். நொடிக்கு 6,000 கனமீட்டர் நீர். சூத்திரத்தில் போட்டால் வருவது சுமார் 2.6 மெகாவாட்.

இது உச்ச வரம்பு. அதற்குக் கொடுக்கும் விலை, கால்வாயில் ஓடும் நீரில் 42 சதவீதம் நின்றுபோவது. அதை யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஓட்டம் பத்து சதவீதம்தான் குறையலாம் என்று கட்டுப்பாடு வைத்தால், உச்சத்தில் 44 சதவீதம் மிஞ்சும்: 1.2 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தனித்தனியாக நிற்கும் சுழலிகளில், சுழலிக்குப் பின்னால் நீர் கலப்பதில் வீணாவதைக் கழித்தால் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். ஆக, 0.8 மெகாவாட். இயந்திர இழப்பு இன்னும் கழிக்கவில்லை.

இதே மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் வந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சராசரியாகக் கிடைக்கும் என்று வைத்தாலும் சுமார் 130 மெகாவாட். என் அனுமானம் பத்து மடங்கு தப்பு என்று யாராவது சொன்னால்கூட முடிவு மாறாது.

இதிலும் இரண்டு சிக்கல் பாக்கி. முதலாவது, பாம்பன் ஒற்றைக் கால்வாய் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகளின் இடைவெளிகள் இருக்கின்றன. பாம்பனில் தடுத்தால் நீரின் ஒரு பகுதி அந்தப் பக்கம் போகும். நீர்மட்ட வித்தியாசமும் குறையும். இரண்டாவது, பாம்பனில் நாம் பார்க்கிற பலமான ஓட்டத்தில் பெரும்பங்கு ஓதத்தால் வருவது அல்ல, பருவக்காற்றால் வருவது. வாடைக்காலத்தில் நீர் பாக் விரிகுடாவில் இருந்து மன்னார் வளைகுடாவுக்கு இறங்கும். தென்மேற்குக் காலத்தில் திரும்பும். ஓத ஆற்றலின் பெரிய பெருமையே பல வருடத்துக்கு முன்கூட்டியே நேரம் குறித்துச் சொல்லலாம் என்பதுதான். காற்று தள்ளும் ஓட்டத்துக்கு அந்தப் பெருமை பொருந்தாது.

என்ன பணயத்தில் இருக்கிறது

"சின்னத் திட்டம்தானே, வச்சுப் பார்க்கட்டுமே" என்று கேட்கலாம். சோதனைக்கு ஒரு சுழலி வைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த இடம் காலியான கடல் இல்லை. தெற்கே 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வடக்கே கடற்புல் வெளிகள். அவற்றை மேயும் கடற்பசுவுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இரண்டு விரிகுடாவுக்கும் நடுவே நீரும், மணலும், மீன்குஞ்சும் மாறிக்கொள்ளும் கதவுகளில் ஒன்று பாம்பன். ஓட்டம் குறைந்தால் மணல் எங்கே படியும், பாசி வளர்க்கும் பெண்களின் மிதவைக்கு நீர் எப்படி வரும், நாட்டுப்படகு எந்த வழியில் கடக்கும்? மெகாவாட்டில் சொல்லும் அறிக்கை இதில் எதற்கும் பதில் சொல்லாது.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வியை எண்ணோடு சேர்த்தே கேட்கிறார்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், மினாஸ் கால்வாயின் உச்சம் சுமார் 7,000 மெகாவாட் என்று 2008-இல் கார்ஸ்டன் குழு கணித்தது. கூடவே, ஓத உயரம் எங்கேயும் ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்றால் 2,500 என்றும் சொன்னது. பென்ட்லண்டில் 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வரம்பு 4,200 மெகாவாட், நடைமுறைக்கு 1,900 என்று இரண்டு எண் தந்தார்கள். இரண்டாவது எண்தான் கொள்கை வகுக்க உதவுவது.

நம்மிடம் இருப்பதோ முதல் எண் மட்டும். சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற 3.75 மெகாவாட் திட்டம் செலவு தாங்காமல் கைவிடப்பட்டது. கட்சில் அறிவித்த 50 மெகாவாட் திட்டமும் நடக்கவில்லை. 2021-இல் நாடாளுமன்ற ஆற்றல் நிலைக்குழுவே, உண்மையில் எடுக்கக்கூடியது எவ்வளவு என்று மறுபடி மதிப்பிடச் சொன்னது.

அந்த மறுமதிப்பீட்டில் பாக் விரிகுடாவுக்கு நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாம்பனின் இரு பக்கமும் நீர்மட்டத்தை ஒரு முழு வருடம், இரண்டு பருவமும் வரும்படி, அளக்க வேண்டும். ஓதத்தின் பங்கையும் காற்றின் பங்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். சுழலியின் தடையையும் சேர்த்து ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும். எத்தனை மெகாவாட் என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதற்காக எத்தனை சதவீதம் ஓட்டம் குறையும் என்ற இன்னொரு எண்ணையும் அச்சிட வேண்டும். அந்த இரண்டாவது எண் இல்லாத அறிக்கையை, குறைந்தபட்சம் நம்ம கடலுக்கு, ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.