சிப்பைத் தொட்டுப் பார்க்கும் நிரல்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வாட்டிய கொழுந்தை டீமேக்கர் ஒரு கை அள்ளி அழுத்திப் பார்ப்பார். மழை நாளில் பறித்ததற்கு ஒரு வாட்டம், வெயில் நாளில் பறித்ததற்கு வேறொன்று. இலை ரோலருக்குப் போகலாமா, இன்னும் வாட வேண்டுமா என்பதை அந்தக் கைதான் சொல்லும். லினக்ஸின் சீரியல் டிரைவரிலும் அப்படியொரு கை இருக்கிறது.

1981இல் வந்த ஐபிஎம் பீசியில் சீரியல் இணைப்பைக் கவனித்தது 8250 சிப். அதன் வழியில் 16450, 16550, 16550ஏ வந்தன. ஒரே குடும்பம்தான், குணம் வேறு. ஒவ்வொரு குணத்துக்கும் நிரலில் ஒரு 'இஃப்டெஃப்' போட்டு, கம்பைல் செய்யும்போதே வேண்டாததை வெட்டிவிடலாம். ஆனால் அப்படிப் பத்துத் தேர்வுகள் சேர்ந்தால் 1,024 விதமான நிரல்கள் பிறக்கும். அத்தனையையும் யார் ஓட்டிப் பார்ப்பது?

லினக்ஸ் சிப்பிடமே கேட்கிறது. ஃபைஃபோ வரிசையை இயக்கிவிட்டு, ஒரு ரெஜிஸ்டரின் உச்சி பிட்டுகள் இரண்டையும் படிக்கிறது. இரண்டும் 1 என்றால் 16550ஏ குடும்பம். 16 பைட் வரிசையை நம்பலாம். மேல் பிட் மட்டும் 1 என்றால் 16550. அதன் வரிசை பழுதானது, ஆகவே ஒவ்வொரு பைட்டாகவே அனுப்புகிறது. இரண்டும் 0 என்றால் இன்னொரு ரெஜிஸ்டரில் 165 எழுதிப் படிக்கிறது, பிறகு 90 எழுதிப் படிக்கிறது. இரண்டும் மாறாமல் திரும்பினால் 16450, இல்லையேல் 8250. கண்டதையெல்லாம் கொடிகளாகக் குறித்துக்கொள்கிறது. நிரலின் மற்ற பகுதிகள் அந்தக் கொடிகளைப் பார்த்தே நடக்கின்றன. சில வரிகளில் இவ்வளவு நுட்பம்!

சிப் செயலியை அழைக்கும் சமிக்ஞையான இன்டரப்டைப் பல இணைப்புகள் பகிரலாமா என்ற கேள்வி இன்னும் அழகாகத் தீர்கிறது. கம்பைல் செய்யும்போது எடுக்கும் முடிவு அங்கே வெறும் தொடக்க மதிப்பு. கெர்னலைத் துவக்கும் வரியில் ஒரு சொல் சேர்த்தால் அது மாறிவிடும். மறுபடி கட்டத் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஓடும்போதே தீர்மானிக்கவும் கூடாது. 16550ஏ சிப்பின் கிளை வகைகளைத் தேடுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், அந்தத் தேடலை மட்டும் கம்பைல் செய்யும்போதே நிறுத்த ஒரு தேர்வு உண்டு. இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையும் கட்டும்போதே தீர்மானமாகிறது, அதற்கான அட்டவணைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டுமல்லவா. அந்த வரம்புக்குள் எத்தனையைத் திறப்பது என்பதைத் துவக்கும்போது சொல்லலாம். சொல்லாவிட்டால், வழக்கமான அமைப்பில் நான்கு திறக்கும்.