மாறாத பாகுநிலை: ஒரு கொள்கையின் நிறையும் குறையும்

குளிரில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய பாடங்களில் ஒரு விளக்கம் தவறாமல் இடம் பெறுகிறது. வெப்பம் குறைந்தால் உயிரணுச் சவ்வு இறுகும். உடனே நுண்ணுயிர் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைச் சேர்த்து அதனை இளக்கிக்கொள்ளும் என்பதே அது. இதற்கு அளவீட்டு வடிவம் தந்தது மைக்கேல் சினென்ஸ்கி 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதனை எடைபோட்டுப் பார்ப்போம்.

நிறை முதலில். 18 கரியணுக்கள் கொண்ட ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதே 18 அணுக்களுடன் ஓர் இரட்டைப் பிணைப்பும் உள்ள ஒலியிக் அமிலமோ சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைக்கிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுங்க மாட்டா. கொழுப்பு அமிலங்கள் குளிரில் மாறுவது முன்பே தெரிந்ததுதான். சினென்ஸ்கி ஒரு படி மேலே சென்றார். எஷ்சரிச்சியா கோலியைப் பல வெப்பநிலைகளில் வளர்த்து, எலக்ட்ரான் தற்சுழற்சி முறையால் சவ்வுக் கொழுப்பின் பாகுநிலையை அளந்தார். அந்தந்த வளர்ப்பு வெப்பநிலையில் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! வெறும் சொல்லுக்குப் பதில் ஓர் அளவைத் தந்தது பாராட்டத்தக்கது.

இனிக் குறைகள். எஷ்சரிச்சியா கோலி வெதுவெதுப்பான குடலில் வாழ்வது. அலாஸ்காவின் கடற்பனியில் கிடைத்த சைக்ரோமோனாஸ் இங்ரஹாமியோ −12 டிகிரியிலும் வளர்கிறது. ஒருமுறை இரட்டிக்க 240 மணி நேரம் ஆகிறது. குடல்வாசியின் அளவீட்டை இதற்கு அப்படியே நீட்டுவது முறையன்று.

அடுத்து, இத்தகைய பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்றும் உண்டு. அதன் வெளிப்பக்கம் பாஸ்போலிப்பிடால் ஆனதன்று. கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடால் ஆனது. குளிரில் எஷ்சரிச்சியா கோலி அங்கே லாரிக் அமிலத்துக்குப் பதிலாக, இரட்டைப் பிணைப்புள்ள பால்மிட்டோலியிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அதற்கெனத் தனி நொதியே உண்டு என்பது 1999-இல் தெரிந்தது. பாடங்கள் இதைச் சொல்வதில்லை.

மூன்றாவது குறையே முக்கியமானது. அக்கோலிபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், சவ்வின் இளக்கம் பெரிதும் மாறினாலும் வளர்கிறது. எனவே பாகுநிலை மாறாதிருப்பது எல்லா உயிர்க்கும் கட்டாயமன்று. சவ்வு கெட்டியாகிவிடாதிருப்பதே இன்றியமையாதது.

ஆகவே இக்கொள்கையை ஒதுக்க வேண்டியதில்லை. விதி என்றும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த உயிரில், எந்தச் சவ்வில், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று மாணவர்கள் கேட்டுப் பழகினால், அதுவே இதன் உண்மையான பயனாகும்.