அலசலில் நிற்கும் சாயம்

சாயமேற்றிய நூலைத் தண்ணீரில் அலசிப் பார்த்த பிறகே அருப்புக்கோட்டை நெசவாளர் அதைத் தறிக்கு ஏற்றத் துணிவார். நிற்கும் சாயமா, ஓடும் சாயமா என்பது அலசலில் தெரிந்துவிடும். தமிழ் எழுத்தை இவ்வாறு சோதித்தவர் சி. சு. செல்லப்பா. அவருடைய விமர்சன முறைக்கு 'அலசல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1912-இல் பிறந்த வத்தலக்குண்டுக்காரர். விடுதலைப் போரில் சிறை கண்டவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்களை வெளியிட்டார். யாப்பை விட்ட கவிதை ஏளனத்துக்கு ஆளான அந்நாளில் ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, சி. மணி, பிரமிள் ஆகியோருக்கு அவ்வேடு களமாயிற்று. 24 கவிஞர்களின் 63 கவிதைகளை 1962-இல் 'புதுக்குரல்கள்' எனத் தொகுத்தார். நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகள்தோறும் சென்று விற்றார்.

க. நா. சுப்ரமண்யம் தம் ரசனையை நம்பித் தீர்ப்பளித்தார். செல்லப்பாவோ, ஒரு படைப்பு ஏன் நன்று என்பதை அப்படைப்பின் சொற்களைக் கொண்டே நிறுவ முயன்றார். குறையும் உண்டு: சில கட்டுரைகளில் அலசல் நீண்டு நூலே நைந்துவிடுகிறது. 'மாற்று இதயம்' தொகுப்பில் கருத்து முன்னே நடக்க, கவிதை பின்தங்குகிறது. பிறர் கவிதைக்கு அவர் திறந்த வாசல், தம் கவிதையினும் பெரிது என்பதே நம் கணிப்பு.

இங்கு நாமும் ஆன்மச் சோதனை செய்தாக வேண்டும். பங்கு விழா மலருக்குக் கவிதை கொண்டுவந்த இளைஞரிடம், முழுதும் படிக்காமலே 'மிக அருமை' என்று கூறி அனுப்பியிருக்கிறோம். அதை அன்பு என்று எண்ணினோம். உண்மையில் அது சோம்பல். அன்போடு உண்மை பேசவே எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் பணிக்கிறார். ஓர் இளைஞரின் வரியை நிறுத்திப் படித்து, இந்தச் சொல் நிற்கிறது, இது நிற்கவில்லை என்று கனிவோடு காட்டுவதும் மேய்ப்புப் பணியே.

செல்லப்பா 1998-இல் மறைந்தார். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001-இல்தான் வந்தது. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் புழுதி விதைப்பு என்பார்கள். மழை வருமுன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தை நம்பிக் காத்திருப்பது. அவர் செய்ததும் அதுவே. விளைச்சலை உண்பவர்கள் நாம். அடுத்த மலருக்குக் கவிதை வரும்போதாவது, பாராட்டுமுன் படிப்போமாக.