'குப்பைமேடு' என்னும் சொல்லும் கிளிஞ்சற் குவியலின் பொருளும்

டென்மார்க்குக் கடற்கரையில் சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்து கிடக்கின்றன. அவை கடல் ஒதுக்கியனவோ, மாந்தர் உண்டு எறிந்தனவோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. 1848-இல் அமைந்த அறிஞர் குழுவினராகிய ஸ்டீன்ஸ்டுரூப், வொர்சா, போர்க்காமர் ஆகிய மூவரும் இதனை ஆராய்ந்தனர். ஓடுகளிடையே அடுப்புக்கரியும் கற்கருவிகளும் வெட்டுத் தழும்புடைய எலும்புகளும் கலந்து கிடந்தமையின், அவை கற்கால மக்கள் உண்டு கழித்தனவே எனத் துணிந்தனர். 'அடுக்களைக் குப்பைமேடு' எனப் பொருள்படும் டேனியச் சொல் அவற்றிற்குப் பெயராயிற்று. பிறமொழிகளும் அதனையே தழுவின.

ஒன்றற்கு இடும் பெயர் அதனை நோக்கும் நோக்கையும் வரையறுக்கும். குப்பை என்றபின் அதனை எடையிட்டுக் காண்பதே ஆராய்ச்சி என்றாயிற்று. ஒரு செம்மானின் உடல் தரும் ஆற்றலுக்கு ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பிகள் வேண்டும் எனப் பெய்லி என்பார் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு பயனுடையதே. ஓடு அழியாது நிற்பதால் மேடு பெரிதாகத் தோன்றுகிறது. உண்ட தசையோ சிறிது. ஆயின் இதனின்று, சிப்பி திரட்டுதல் வேட்டை வாய்க்காதார் மேற்கொண்ட இழிதொழில் என முடிவு கட்டுதல் பொருந்துமோ? பொருந்தாது என்பதே எம் கருத்து.

இதற்கு விடை ஓடுகளில் இல்லை. சிப்பி திரட்டி வாழும் மக்களிடமே உண்டு. ஆஸ்திரேலியாவின் வடகரையில், பிளைத் ஆற்று முகத்தில் வாழும் அன்பரா மக்களிடையே பெட்டி மீகன் அம்மையார் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்தார். அவர்தம் நூல் 1982-இல் வெளிவந்தது. அம்மக்களின் உணவில் மட்டி, சிப்பி முதலியவற்றின் பங்கு சிறிதே. எனினும் ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் அவை திரட்டப்பட்டன. திரட்டியோர் பெரும்பாலும் பெண்டிர். வேட்டை பொய்க்கலாம்; நீர் வற்றும் வேளையறிந்து சென்றார்க்கு மட்டிப் படுகை பொய்ப்பதில்லை. திரட்டிய இடத்தருகே நண்பகலில் உண்டனவும் உண்டு. குடியிருப்புக்குக் கொணர்ந்தனவும் உண்டு. ஆகவே ஒரு மேட்டை மட்டும் அளந்து ஒரு குடியின் உணவை அறிந்துவிட்டோம் எனல் அமையாது.

அன்பரா மக்களின் ஓராண்டு வாழ்க்கையை அப்படியே டென்மார்க்குக் கற்காலத்தின்மேல் ஏற்றிக் கூறுதலும் தகாது. நிலமும் வேறு, காலமும் வேறு. அந்நூல் நமக்குத் தருவது முடிந்த முடிபன்று. கேட்க வேண்டிய வினாவே. 'எவ்வளவு உண்டனர்?' என்பதனோடு, 'எவர் திரட்டினர்? எத்தனை நாள்? வேறு உணவு கிட்டாதபோது எது காத்தது?' எனவும் வினவல் வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு இதன்கண் ஒரு கடமை உண்டு. டேனியச் சொல்லைப் பெயர்த்துக் 'குப்பைமேடு' என வழங்கின், அதனோடு ஓர் இகழ்ச்சியும் தமிழிற் புகுந்துவிடும். 'கிளிஞ்சல்மேடு' என்பதே சாலும். அது கண்டதைக் கூறும். காணாத தீர்ப்பைக் கூறாது. நாள்தோறும் குனிந்து திரட்டிய கைகளின் உழைப்பைக் குப்பை என்னும் சொல்லால் மூடுதல் ஆராய்ச்சி நெறியன்று.